துடியிடைக்குக் கச்சையா, உடற்பயிற்சியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணநாள் குறித்த பெண்களும், குழந்தை பெற்று ஓராண்டு கடந்தும் வயிறு உள்வாங்கவில்லையே என்று வருந்தும் தாய்மார்களும், பெண்களுக்கு உடற்பயிற்சி கற்றுத்தரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கைப்பேசியைத் திறந்தாலே இடையை இறுக்கும் கச்சைகளின் விளம்பரம் கண்ணில் படுகிறது. அவற்றை வாங்குமுன் இதை ஒருமுறை படித்துவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

கார்செட், வெயிஸ்ட் டிரெய்னர், ஷேப்வேர் ஆகிய மூன்றும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. கார்செட் என்பது ஐரோப்பியப் பெண்கள் பல நூற்றாண்டுகளாக அணிந்த கச்சை. துணியின் மடிப்புகளுக்குள் திமிங்கலத்தின் வாயிலிருந்து எடுத்த வளையும் தகடுகளையும், பிற்காலத்தில் எஃகுப் பட்டைகளையும் செருகி, முதுகுப் பக்கம் நாடாவைக் கோத்து இறுக்குவார்கள். இன்று வெயிஸ்ட் டிரெய்னர் என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் லேடெக்ஸ் ரப்பரால் ஆனது. முன்பக்கம் வரிசையாகக் கொக்கிகள் இருக்கும். கொலம்பியா போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளில் ஏற்கெனவே புழங்கிய இந்த வகைக் கச்சை, 2014-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலங்கள் அதை அணிந்து இன்ஸ்டாகிராமில் படம் வெளியிட்ட பிறகே உலகெங்கும் பரவியது. ஷேப்வேர் என்பது உடைக்குள் அணியும் நெகிழ்வான இறுக்க ஆடை மட்டுமே. மருந்துக் கடையில் கிடைக்கும் வயிற்று பெல்ட் வேறு நோக்கத்துக்கானது. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கச்சையைக் கட்டியவுடன் டேப்பில் இரண்டு அங்குலம் குறைவாகக் காட்டுகிறதே, அது உண்மை இல்லையா?

அளவு உண்மைதான். ஆனால் உடலிலிருந்து எதுவும் குறைந்திருக்காது. வயிற்றுக்குள் இருக்கும் குடலும், தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பும் அழுத்தத்துக்கு இடம்கொடுத்து மேலும் கீழும் நகர்கின்றன. தலையணையின் நடுவே கயிறு கட்டினால் இருபுறமும் பஞ்சு பிதுங்குவது போலத்தான் இது. கயிற்றை அவிழ்த்தால் பஞ்சு பழைய இடத்துக்கு வந்துவிடும்.

ரப்பர் கச்சை வியர்வையைப் பெருக்குவதால் கொழுப்பு கரைகிறது என்று விற்பவர்கள் சொல்வது தவறு. வியர்வை என்பது நீரும் உப்பும்தான். அரை லிட்டர் வியர்த்தால் எடை அரை கிலோ குறையும். இரண்டு டம்ளர் மோர் குடித்தால் அந்த எடை திரும்பிவிடும். ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 7,700 கலோரி சேமிப்பாக இருக்கிறது. உண்பதைவிட அதிகமாகச் செலவழித்தால்தான் அந்தச் சேமிப்பு கரையுமே தவிர, வெளியிலிருந்து அழுத்துவதாலோ சூடேற்றுவதாலோ கரையாது.

கச்சை கட்டிய நாட்களில் சிலருக்கு உணவு குறைவாகச் செல்லும் என்பதையும் சொல்ல வேண்டும். இரைப்பை விரிய இடமில்லாததால் நான்கு இட்லி சாப்பிடுபவர் இரண்டோடு எழுந்துவிடுவார். அதனால் எடை சற்றுக் குறைந்தால், குறைத்தது உணவு. அந்த இரண்டு இட்லியைக் கச்சை இல்லாமலும் குறைத்துக்கொள்ளலாம்.

மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கட்டினால் அந்த வடிவம் நிலைத்துவிடாதா?

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சற்று நீளமானது. நமக்கு மொத்தம் 12 இணை விலா எலும்புகள் உள்ளன. அவற்றுள் கடைசி இரண்டு இணைகளும் முன்பக்கம் எதனோடும் இணையாமல் நிற்பவை. நாள்தோறும் பல மணி நேரம், பல ஆண்டுகள் விடாமல் இறுக்கினால் அந்தக் கீழ் விலாக்கள் உள்நோக்கி வளையும். லண்டனிலும் பாரிஸிலும் பாதுகாக்கப்படும் பழைய எலும்புக்கூடுகளை ஆராய்ந்தவர்கள், கார்செட் அணிந்த பெண்களின் விலாக்கூடு வளைந்திருப்பதையும், முதுகெலும்பின் பின்புற முனைகள் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதையும் கண்டிருக்கிறார்கள். நம் காலத்தில், உயிருடன் இருப்பவர்களுள் மிகச் சிறிய இடை கொண்டவர் என்று கின்னஸ் சாதனைப் பதிவில் இடம்பெற்ற அமெரிக்கப் பெண்மணி கேத்தி ஜங் அவர்களின் இடை, கார்செட்டுக்குள் 38.1 சென்டிமீட்டர், அதாவது 15 அங்குலம். அந்த அளவுக்காக அவர் பல ஆண்டுகள் கார்செட்டோடு வாழ்ந்தார். கச்சை இல்லாமல் அளந்தபோது அவர் இடையும் அதைவிடப் பல அங்குலம் கூடுதலாகவே இருந்தது.

ஆகவே நிலையான மாற்றம் வேண்டுமானால் எலும்பையே வளைக்க வேண்டும். அதற்கு வாழ்வின் பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டும். "தினம் 8 மணி நேரம், 3 மாதம்" என்ற விளம்பர வாக்குறுதியில் எலும்பும் வளையாது, கொழுப்பும் குறையாது. நம் வீட்டுப் பாட்டிமாரையே எண்ணிப் பாருங்கள். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் பாவாடை நாடாவை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டியவர்களின் இடையில் கறுத்துத் தடித்த தழும்பு விழுந்திருக்கும், இடை சிறுத்திருக்காது. அந்தத் தழும்பு நாட்பட்ட புண்ணாகி, மிக அரிதாகத் தோல் புற்றுநோயாக மாறிய நேர்வுகளையும் இந்திய மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். நாடாவைச் சற்றுத் தளர்த்தி, அகலமான பட்டை வைத்துக் கட்டும்படி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே சொல்லுங்கள்.

இறுக்கிக் கட்டுவதால் உடலுக்கு என்ன தீங்கு?

முதலில் மூச்சு. நாம் இழுக்கும் மூச்சுக்கு உதரவிதானம் கீழிறங்கவும், கீழ் விலாக்கள் பக்கவாட்டில் விரியவும் வேண்டும். கச்சை இரண்டையும் தடுப்பதால் மூச்சு நெஞ்சின் மேற்பகுதியிலேயே நின்றுவிடுகிறது. படியேறும்போது மயக்கம் வருவதற்கு இதுவே காரணம்.

அடுத்து வயிற்றினுள் கூடும் அழுத்தம். மேல்நோக்கிச் செல்லும் அழுத்தம் இரைப்பை அமிலத்தை உணவுக்குழாய்க்குள் தள்ளுவதால் நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் வரும். கீழ்நோக்கிச் செல்லும் அழுத்தம் சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைகளின் மேல் விழுகிறது. இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியும் பெண்களுக்கும், கர்ப்பப்பை இறக்கம் தொடங்கியவர்களுக்கும் இது நேரடியான கேடு. வெட்கத்தால் இதை யாரிடமும் சொல்லாமல், வயிறு தெரியாமலிருக்க மேலும் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவதிப்படுபவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இடுப்பெலும்பின் முன்முனையருகே தொடைக்குச் செல்லும் ஓர் உணர்வு நரம்பு அழுந்தினால், தொடையின் வெளிப்புறம் மரத்துப்போய் எரியும். நம் ஊர் வெயிலில் ரப்பருக்குள் தேங்கும் வியர்வை வேர்க்குருவையும் படர்தாமரையையும் கொண்டுவரும். நாள் முழுவதும் முதுகைக் கச்சையே தாங்கினால், தாங்க வேண்டிய தசைகள் வேலையின்றித் தளரும்.

இவை புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. ஜெர்மன் உடற்கூறியலாளர் சாமுவேல் தாமஸ் சோமரிங் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கார்செட்டின் கேடுகளைப் பற்றி எழுதினார். பிரெஞ்சு மருத்துவர் லுடோவிக் ஓஃபாலோவெல் 1908-இல் எக்ஸ்ரே படங்களோடு விலாக்கள் நெருங்குவதைக் காட்டினார். அக்கால மருத்துவர்கள் காசநோய் முதல் பல நோய்களைக் கார்செட்டின் தலையில் சுமத்தியது மிகை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் மேலே சொன்னவை அந்த மிகைகளைக் கழித்த பின்னும் எஞ்சுபவை.

பிரசவமானவுடன் நம் பாட்டிமார் வயிற்றில் துணி கட்டிவிட்டார்களே, அது தவறா?

தவறில்லை. ஆனால் அதற்கும் வெயிஸ்ட் டிரெய்னருக்கும் உள்ள வேறுபாடு பெரிது. பழைய பருத்தி வேட்டியையோ சேலையையோ மடித்து வயிற்றைச் சுற்றிக் கட்டும் வழக்கம், தளர்ந்து தொங்கும் வயிற்றுக்கும் வலிக்கும் முதுகுக்கும் சில வாரங்களுக்கு ஒரு தாங்கலைத் தந்தது. சிசேரியன் ஆனவர்களுக்கு மருத்துவர் பரிந்துரைக்கும் வயிற்று பெல்ட்டும் இருமும்போதும் எழுந்து நடக்கும்போதும் தையல் வலியைக் குறைக்கிறது. இரண்டுமே தேறிவரும் காலத்துக்கான ஊன்றுகோல்கள்.

வயிறு உள்வாங்குவது பெரும்பாலும் உடல் தானாகச் செய்யும் வேலை. கருப்பை ஏறத்தாழ 6 வாரங்களில் பழைய அளவுக்குத் திரும்புகிறது. துணி கட்டியதால் வயிறு குறைந்தது என்று தோன்றுவதில் பெரும்பங்கு அந்தக் கருப்பை சுருங்கியதுதான். அதற்குப் பிறகும் வயிறு முன்தள்ளியே இருந்தால், வயிற்றின் நடுவே இருக்கும் இரண்டு நேர்தசைகளும் விலகியிருக்கக்கூடும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கித் தலையைச் சற்றே தூக்கி, தொப்புளின் மேலும் கீழும் விரல்களை வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி தெரிந்தால் பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பாருங்கள். இந்த விலகலை மூச்சுப் பயிற்சியாலும் ஆழ்தசைப் பயிற்சியாலும் பெரிதும் சரிசெய்ய முடியும். பெல்ட்டை மட்டும் கட்டிக்கொண்டு காத்திருந்தால் அந்தத் தசைகள் வலுப்பெறுவதில்லை.

இடையில் உள்ள கொழுப்பை மட்டும் கரைக்கும் பயிற்சி எது?

அப்படி ஒரு பயிற்சி இல்லை. உடல் எந்த இடத்துக் கொழுப்பை முதலில் எடுக்கும் என்பதைப் பரம்பரையும் ஹார்மோன்களும் வயதும் முடிவுசெய்கின்றன. 1971-இல் டென்னிஸ் வீரர்களை அளந்து பார்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் மட்டை பிடித்து ஆடிய கையில் தசை பெருத்திருந்ததே தவிர, தோலடிக் கொழுப்பின் தடிமன் இரு கைகளிலும் ஒன்றாகவே இருந்தது. 2011-இல் வெளியான இன்னோர் ஆய்வில் 6 வாரம் வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தவர்களின் வயிற்றுத் தசை தாக்குப்பிடிக்கும் திறன் கூடியது. வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை. மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்கும் கிரஞ்ச் பயிற்சியைத் தினமும் 200 முறை செய்து கழுத்துவலியோடு வந்து நிற்கும் பெண்களைப் பார்க்கும்போது, இதை யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

அப்படியானால் உடற்பயிற்சியால் துடியிடை கிடைக்கும் என்பதும் பொய்யா?

முழுதும் பொய்யன்று, ஆனால் எல்லை உண்டு. இடையின் வடிவத்தை எலும்பு, தசை, கொழுப்பு என்ற மூன்றும் சேர்ந்து அமைக்கின்றன. கீழ் விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே நான்கு விரல் இடம் உள்ளவருக்கு இடை வளைந்து தெரியும். அந்த இடைவெளி குறுகியவருக்கு, எவ்வளவு மெலிந்தாலும் உடல் நேர்கோடாகவே தெரியும். அமெரிக்காவில் வடகரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2005-இல் 6,000-க்கும் மேற்பட்ட பெண்களின் உடலளவுகளைப் பகுத்தபோது, துடி போன்ற, அதாவது நடு ஒடுங்கிய வடிவம் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கே இருந்தது. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் நேரான உடல்வாகு கொண்டவர்கள்.

எலும்பை மாற்ற முடியாது. கொழுப்பைக் குறைக்கலாம், தசையைக் கூட்டலாம். துடி என்னும் சிறு பறையின் நடு குறுகித் தெரிவது அதன் இரு முகங்களும் அகன்றிருப்பதால்தான். தோள், முதுகு, பிட்டம், தொடை ஆகிய இடங்களில் தசை சேர்ந்தால் இடையின் அளவு மாறாமலேயே அது சிறுத்துத் தோன்றும். கச்சையால் இதைச் செய்ய முடியாது.

எந்தப் பயிற்சிகளிலிருந்து தொடங்கலாம்?

பிட்டத்துக்கும் தொடைக்கும், முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட், ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்கும் லஞ்ச், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் குளூட் பிரிட்ஜ் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். இரண்டு மூன்று வாரங்களில் உடல் பழகியதும் எடை சேர்க்க வேண்டும். வீட்டில் 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்குவாட் செய்யலாம். ஜிம்முக்குச் செல்பவர்கள், இடுப்பின் மேல் எடை வைத்துத் தூக்கும் ஹிப் திரஸ்ட், தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் ஆகியவற்றை ஒரு பயிற்றுநரின் கண்காணிப்பில் கற்றுக்கொள்ளலாம். முதுகுக்கும் தோளுக்கும், எடையை உடலை நோக்கி இழுக்கும் ரோ, தலைக்கு மேல் தூக்கும் ஷோல்டர் பிரஸ் ஆகிய இரண்டே முதல் ஆறு மாதங்களுக்குப் போதும்.

வயிற்றுக்கு நான் முதலில் கற்றுத்தருவது மூச்சு. வயிற்றின் மிக ஆழத்தில், முதுகிலிருந்து முன்பக்கம் வரை சுற்றிவரும் குறுக்குத் தசை ஒன்று இருக்கிறது. நாம் பிறக்கும்போதே அணிந்துவந்த கச்சை என்று அதைச் சொல்லலாம். நிதானமாக மூச்சை வெளிவிட்டு, தொப்புளைப் பின்னோக்கி மெதுவாக இழுக்கும்போது அது இறுகுவதை உணரலாம். அந்த உணர்வு பழகிய பிறகு மல்லாந்து படுத்து எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டும் டெட் பக், முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராக நிறுத்தும் பிளாங்க், அதையே பக்கவாட்டில் செய்யும் சைடு பிளாங்க் என்று வளர்த்துக்கொண்டு போகலாம். இந்தத் தசை வலுப்பெற்றால் வயிறு முன்தள்ளி நிற்பது குறையும், முதுகுக்கும் நல்லது.

இவற்றோடு நடையோ மிதிவண்டியோ நீச்சலோ வேண்டும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், குறைந்தது 2 நாள் தசைப்பயிற்சியும் பெரியவர்களுக்குத் தேவை என்பது 2020-இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதல்.

எடையோடு பக்கவாட்டில் சாய்ந்தால் இடை தடித்துவிடும் என்கிறார்களே?

கனமான எடையோடு ஆண்டுக்கணக்கில் செய்தால் பக்கத் தசை சற்றுத் தடிக்கலாம். மூன்று கிலோ டம்பெல்லால் அது நடக்காது. இடை குறையும் என்ற நம்பிக்கையில் மட்டும் அதைச் செய்ய வேண்டாம்.

எத்தனை நாளில் மாற்றம் தெரியும்? உணவை எப்படி மாற்ற வேண்டும்?

நான்காம் வாரத்தில் உடல் வலு கூடுவது தெரியும். எட்டாம் வாரத்துக்கு மேல் ரவிக்கையிலும் பாவாடையிலும் தெரியத் தொடங்கும். பிறர் கண்ணுக்குத் தெரிய நான்கைந்து மாதம் ஆகலாம். வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் எடை குறைய வேண்டும் என்று அவசரப்பட்டால் கொழுப்போடு தசையும் போய்விடும்.

நம் தட்டில் சோறு மிகுதி, புரதம் குறைவு. நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்த அளவு. எடைப்பயிற்சி செய்பவர்களுக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் இருக்கிறது. காலையில் முட்டையோ பயறோ, மாலையில் சுண்டல், மதியம் மீனோ கெட்டிப் பருப்போ என்று அமைத்துக்கொண்டு, சோற்றை ஒரு கரண்டி குறைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

இடையை எப்படி அளப்பது?

பேச்சுவழக்கில் நாம் இடை, அதன் கீழே உள்ள பிட்டச் சுற்று ஆகிய இரண்டையும் இடுப்பு என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை வெளிவிட்ட நிலையில் அளப்பது இடை. பிட்டத்தின் மிக அகன்ற பகுதியைச் சுற்றி அளப்பது இடுப்பு. தையற்காரர்கள் இதை 'சீட்' என்பார்கள். காலையில் வெறும் வயிற்றில், மாதத்துக்கு இருமுறை அளந்தால் போதும். இந்தியப் பெண்களுக்கு இடைச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வாய்ப்பு கூடுகிறது. அந்த ஆபத்துக்குக் காரணம் குடலைச் சுற்றிச் சேரும் உட்கொழுப்பு. கச்சை அதை மறைக்கும். நடையும் உணவுக் கட்டுப்பாடும் அதைக் குறைக்கும்.

இடையை இடுப்பால் வகுத்தால் 0.7 வர வேண்டும், அதுவே அழகின் இலக்கணம் என்பது சரியா?

அந்த எண் பரவியதற்குக் காரணமானவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய, இந்தியாவில் பிறந்த உளவியலாளர் தேவேந்திர சிங். 1993-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், கோட்டோவியங்களைப் பார்த்த ஆண்கள் 0.7 விகிதத்தை விரும்பியதாகக் கண்டார். 1998-இல் பெரு நாட்டில் வெளியுலகத் தொடர்பு குறைந்த மட்சிகெங்கா மக்களிடம் இதே போன்ற படங்களைக் காட்டியபோது, அவர்கள் அகன்ற இடையையே விரும்பினார்கள். உலகம் முழுமைக்கும் பொதுவான ஒற்றை எண் இருக்கிறது என்பதை நான் ஏற்கவில்லை. வடதிருமுல்லைவாயில் அம்மனுக்குக் கொடியிடை நாயகி என்று பெயர் சூட்டிய மரபு நம்முடையது; சிறுத்த இடையைப் போற்றுவது நமக்குப் புதிதன்று. அந்தப் போற்றுதலை டேப்பில் அளக்கும் கட்டளையாக மாற்றியதுதான் புதிது. உடல்நலக் கணக்கில் உலக சுகாதார நிறுவனம் பெண்களுக்குச் சொல்லும் எல்லை 0.85. அதற்குக் கீழே இருந்தால் கவலைப்பட வேண்டாம்.

திருமண வரவேற்புக்கு ஒருநாள் மட்டும் அணியலாமா?

அணியலாம். ஷேப்வேரோ மென்மையான கச்சையோ மூன்று நான்கு மணி நேரம் அணிவதால் கெடுதல் வராது. உட்கார்ந்து ஆழமாக மூச்சிழுக்க முடிகிறதா, வயிறார ஒரு வாய் சாப்பிட முடிகிறதா என்று முந்தைய நாளே அணிந்து பாருங்கள். மரத்துப்போதலோ தலைச்சுற்றலோ வந்தால் மேடையிலிருந்து இறங்கிக் கழற்றிவிடுங்கள்.

உடற்பயிற்சி செய்யும்போது கச்சையைக் கட்டிக்கொண்டால் பலன் கூடாதா?

கூடாது. மூச்சு மிகவும் தேவைப்படும் நேரத்தில் மூச்சை அடைக்கும் செயல் அது. பளுதூக்குபவர்கள் கட்டும் அகலமான பெல்ட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவர்கள் மிகக் கனமான எடையைத் தூக்கும் சில நொடிகளுக்கு மட்டும், வயிற்றை அந்தப் பட்டைக்கு எதிராக வெளிநோக்கி அழுத்தி முதுகெலும்பைக் காக்கிறார்கள்.

கச்சையை யார் அறவே தவிர்க்க வேண்டும்?

கருவுற்றவர்கள், குடலிறக்கமோ கர்ப்பப்பை இறக்கமோ உள்ளவர்கள், நெஞ்செரிச்சலுக்கு மருந்து எடுப்பவர்கள், ஆஸ்துமா நோயாளிகள், வளரும் வயதுப் பிள்ளைகள். முதுகெலும்பு வளைவுக்காக எலும்பு மருத்துவர் தரும் பிரேஸ் இதில் சேராது. அதைத் தவறாமல் அணிய வேண்டும்.

என் மகளுக்குப் 16 வயது. வெயிஸ்ட் டிரெய்னர் வாங்கித் தரச் சொல்லி அழுகிறாள். என்ன செய்வது?

வாங்கித் தர வேண்டாம். ஆனால் திட்டவும் வேண்டாம். யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு தோழியின் சொல்லோ, உறவினர் வீட்டு விசேஷத்தில் "என்ன இப்படிப் பெருத்துவிட்டாய்" என்று யாரோ கேட்டதோ உள்ளே தைத்துக் கிடக்கும். அவள் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இந்த வயதில் இடுப்பு அகலுவதும் அங்கே கொழுப்பு சேர்வதும் இயல்பான வளர்ச்சி என்பதை அம்மா வாயால் கேட்பது அவளுக்குத் தேவை. அவளுக்குப் பிடித்த ஒரு விளையாட்டில், பூப்பந்தோ கபடியோ நீச்சலோ, சேர்த்துவிடுங்கள். முடிந்தால் நீங்களும் கூடச் செல்லுங்கள். உணவைத் தவிர்ப்பது, சாப்பிட்டதை வாந்தியெடுப்பது, கண்ணாடியைப் பார்த்து அழுவது போன்றவை தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.